தார் ரோட்டுக்குத் தார் எதற்கு? சேலத்தில் தினசரி ஓட்ட எந்த எஸ்யூவி

“அடிக்கடி ஏற்காடு போவோம், அதனால் ஃபோர் பை ஃபோர்தான்.” சேலத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் முரட்டு எஸ்யூவி வாங்குகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் இது. தினசரி ஓட்டத்துக்கு அதுவா, சொகுசு எஸ்யூவியா என்று பார்ப்போம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவும் தார் போட்ட பாதை. ஆல்ட்டோவும் ஏறுகிறது, அரசுப் பேருந்தும் ஏறுகிறது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டியது தார் முடியும் இடத்தில்தான்: நாகலூர், வாழவந்தி, வெள்ளக்கடை பக்கம் ரோட்டை விட்டுக் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கும் மண் பாதையில். அந்தக் கடைசி அரை கிலோமீட்டர் வாரத்தில் எத்தனை நாள் உங்கள் வழியில் வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். மூன்று நாளுக்கு மேல் என்றால் மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா போன்ற முரட்டு வண்டிகள். மாதம் ஒரு முறை என்றால் அந்த அரை கிலோமீட்டருக்கு ஜீப் பிடித்துக்கொள்ளலாம். மிச்ச 29 நாளும் நீங்கள் நிற்கப்போவது ஐந்து ரோடு சிக்னலில்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. 2023-ல் வந்த 1.5 லிட்டர் டீசல் தாரில் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். மழையில் நனைந்த செம்மண் ஏற்றத்தில், பின்னால் பாரம் இல்லாமல் போனால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சொகுசுப் பக்கமும் இதே கதைதான். பிஎம்டபிள்யூ எக்ஸ்1-ல் எஸ்டிரைவ் என்று இருந்தால் இழுப்பது முன்சக்கரம் மட்டும். ஆடியில் குவாட்ரோ, பென்ஸில் ஃபோர்மேட்டிக் என்று எழுதியிருந்தால்தான் நான்கும்.

ஏற்றம், இறக்கம்

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்று மெலிந்துவிடுவதால், டர்போ இல்லாத எஞ்சின் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு பலத்தை இழக்கும். ஜிம்னி இதில்தான் தடுமாறுகிறது. அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு டார்க் (இழுவைத் திறன்) 134 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் நாலே கியர். நான்கு பேரும் பையுமாக ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் கியர் இறங்கி எஞ்சின் அலறும். ஏறிவிடும், சந்தேகமில்லை, ஆனால் தினமும் கேட்கச் சகிக்கிற சத்தம் அல்ல அது. தாரின் 2.2 டீசல் 300 நியூட்டன் மீட்டரை அடி ஆர்பிஎம்மிலேயே தருவதால் இரண்டாம் கியரில் அலட்டாமல் ஏறும். பென்ஸ் ஜிஎல்ஏ போன்ற டர்போ பெட்ரோல்களும் ஏற்றத்தில் சளைப்பதில்லை. ஆனால் டிசிடி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டியில், விடுமுறை நாள் நெரிசலில் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். உள்ளே கிளட்ச் வழுக்கிச் சூடேறும். பிரேக்கை மிதித்து நில்லுங்கள், முன்வண்டி இரண்டு வண்டி நீளம் நகர்ந்த பிறகு எடுங்கள்.

பிரேக்குக்கு உண்மையான சோதனை இறக்கத்தில். ஞாயிறு மாலை அடிவாரத்தில் நின்றால், இறங்கி வருகிற வண்டிகளிலிருந்து பிரேக் பேட் கருகும் வாடை வரும். காரணம் ஒன்றே: ஆட்டோமேட்டிக்கை ‘டி’யில் போட்டு, இருபது வளைவும் பிரேக்கை மிதித்தபடியே வருவது. பேட் சூடாகி, பிரேக் ஆயிலில் ஈரம் இருந்தால் அது கொதித்துக் குமிழ் விடும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எந்த வண்டியானாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் மோடில் இரண்டைப் பிடியுங்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு மிதி, பிறகு காலை முழுதாக எடுத்துவிடுங்கள். டாட் 4 வகை பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டீயரிங் நடுங்கும். சொகுசு வண்டிகளில் நான்கு பக்கமும் டிஸ்க். மூன்று கதவு தாரிலும் ஜிம்னியிலும் பின்னால் டிரம்தான். பிரேக்கிலும், வளைவில் உடல் சாயாமல் இருப்பதிலும் சொகுசு வண்டிக்கே என் ஓட்டு. பின் சீட்டில் வாந்தி வருகிற குழந்தை இருந்தால் இந்த ஒரு காரணமே போதும்.

ஃபோர் பை ஃபோர் எடுத்தவர்கள் செய்யும் தப்பு வேறு. காய்ந்த தார் ரோட்டில், நான்கு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் ‘ஃபோர் ஹை’ போட்டு வளைவு எடுப்பது. தார், ஜிம்னி இரண்டிலும், முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், பின்சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் ஸ்டீயரிங் இறுகும், டயர் தேயும், முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். மண்ணிலும் சேற்றிலும் மட்டும் போடுங்கள்.

டயரின் உயரம்

சொகுசு எஸ்யூவிகளில் சகஜமாக வரும் 235/50 ஆர்19 டயரின் பக்கச்சுவர் சுமார் 118 மில்லிமீட்டர். ஜிம்னியின் 195/80 ஆர்15-க்கு 156. தாரின் 255/65 ஆர்18-க்கு 166. தோட்டப் பாதையில் துருத்தி நிற்கும் கருங்கல், 118 மில்லிமீட்டர் பக்கச்சுவரை ரிம்மோடு சேர்த்து நசுக்கி உள்ளே இழையை அறுத்துவிடும். அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பக்கவாட்டில் எலுமிச்சை அளவு வீக்கம் தெரியும். அதற்கு ஒட்டு கிடையாது, டயரையே மாற்ற வேண்டும். சொகுசு வண்டிகளில் ஸ்டெப்னியும் பெரும்பாலும் ஒல்லியான தற்காலிகச் சக்கரம், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. தார், ஜிம்னியில் முழு அளவுச் சக்கரம் பின்கதவில் தொங்குகிறது.

ஊருக்குள்

செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்கும் லாரிக்குப் பக்கத்தில் நுழைய 1,645 மில்லிமீட்டர் அகல ஜிம்னிதான் லாயக்கு. ஐந்து கதவு தார் ராக்ஸ் 1,870, எக்ஸ்1 1,845. பக்கக் கண்ணாடியோடு சேர்த்தால் ஏழடி கேட்டில் மடக்காமல் நுழைவது கஷ்டம். மூன்று கதவு தாரில் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, உயரத்தில் ஏறி, குனிந்து நுழைய வேண்டும். புடவை கட்டிய பாட்டிக்கு அது நடக்காத காரியம்.

டீசலை வீட்டுக்கும் கடைக்கும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஓமலூர் ரோட்டில் 20 நிமிடம் நிற்காமல் போய் வாருங்கள். ஊருக்குள்ளேயே ஓட்டம் என்றால் பெட்ரோல் எடுங்கள்.

வாரம் ஒருமுறை பெங்களூரு போகிறவருக்குப் பதில் வேறு. 200 கிலோமீட்டரை முரட்டு வண்டியில் முடித்தால் காற்றுச் சத்தத்தில் காது அடைக்கும். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே சட்டென்று லேன் மாறினால் உயரமான வண்டி ஆடும். அங்கே சொகுசு வண்டி தரும் பிடிப்புக்கு ஈடில்லை.

பணம்

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 15 லட்ச ஜீப்புக்கு 2.70 லட்சம், 50 லட்ச சொகுசு வண்டிக்கு 10 லட்சம். லாரி டயர் தெறித்த கல்லில் முன்கண்ணாடி போனால், ஜிம்னியில் கண்ணாடி மாற்றினால் முடிந்தது. முன்கண்ணாடியில் கேமரா வைத்த சொகுசு வண்டியில் மாற்றிய பிறகு கேமராவைக் கருவி வைத்துச் சீரமைக்க வேண்டும். அந்தக் கருவி சேலத்திலேயே இருக்கிறதா, கோவைக்கு 160 கிலோமீட்டர் எடுத்துப்போக வேண்டுமா என்று முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெஸ்ட் டிரைவில் பின் சீட்டில் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து, குறைந்தது ஐந்து வளைவாவது ஏறி இறங்குங்கள். திரும்பி வந்து உங்கள் வீட்டு கேட்டுக்குள் ஒருமுறை ரிவர்ஸில் விட்டுப் பாருங்கள்.