குயிக்ஜிஓ: பயோடெக் பிள்ளைங்களுக்கு என்னோட ரிவ்யூ

நாகர்கோவில் பக்கம் பயோடெக் படிக்கிற பிள்ளைங்க நெறய பேரு வாழையைத் தான் புராஜெக்டுக்கு எடுக்காங்க, நம்ம மட்டிப்பழத்துக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்ச பொறவு கேக்கவே வேண்டாம். வாழையோட ஜீனோம், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பு, 2012லயே வெளிய வந்தாச்சு, ஆனா ஒரு ஜீன் என்ன வேல செய்யுதுன்னு தெரியணும்ல, அதுக்கு இந்த குயிக்ஜிஓ சைட் அருமை. இங்கிலாந்துல இருக்க ஈபிஐ, அதாவது ஐரோப்பிய பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் நிறுவனம் நடத்துறது, காசு கெடையாது, லாகினும் வேண்டாம்.

உள்ள இருக்கது ஜீன் ஆன்டாலஜி (ஜிஓ), அதாவது ஜீன்கள் செய்யுற வேலைய ஒரே மாதிரி பேரு, நம்பர் போட்டு வகைப்படுத்துன தொகுப்பு, 1998ல ஈ, ஈஸ்ட், எலி டேட்டாபேஸ்காரங்க சேந்து ஆரம்பிச்சது. வறட்சின்னு தேடுனா ஜிஓ:0009414ன்னு தண்ணிப் பற்றாக்குறைக்கான நம்பர் வரும், அது எந்தெந்த பெரிய தலைப்புக்குக் கீழ வருதுன்னு சார்ட்டாவே காட்டிரும்.

எனக்கு ரொம்ப புடிச்சது எவிடென்ஸ் கோடு தான், ஒரு ஜீனுக்கு இந்த வேலன்னு எத வச்சு சொன்னாங்கன்னு காட்டுற குறியீடு. ஐடிஏன்னு இருந்தா லேப்ல நேரடியா செஞ்சு பாத்தது, ஐஈஏன்னா கம்ப்யூட்டர் தானா போட்டது, யாரும் ஒண்ணொண்ணா செக் பண்ணிருக்க மாட்டாங்க. வாழைக்கு பெரும்பாலும் ஐஈஏ தான் வரும், ஆராய்ச்சிக்கு அதிகமா பயன்படுத்துற அரபிடாப்சிஸ்ங்கற சின்னச் செடில தான் சோதன செஞ்சது நெறய கெடக்கு, அதனால அத அப்படியே தீசிஸ்ல உறுதியா எழுதிராதீங்க மக்களே, ஃபில்டர் போட்டு பிரிச்சு பாருங்க. டவுன்லோட் பண்ணி எக்செல்லயும் தொறக்கலாம். சார்ட் பாக்க மட்டும் லேப்டாப் எடுத்துக்கோங்க, போன்ல எழுத்து ரொம்ப பொடிசா தெரியும்.

5க்கு நாலரை.