முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் எத்தனை அங்குலம், அதை யார் முடிவு செய்வது?

போன விடுமுறை முடிந்து கட்டாருக்குத் திரும்பும்போது மதினியின் தையல் மெஷின் லாச்சியில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டிப் பொக்கட்டில் போட்டுக்கொண்டேன். ஹட்டன் ஸ்டாண்டில் கொழும்பு பஸ் ஏறியதும் முதல் வேலையாக அளந்தேன். என் முதுகு சாயும் இடத்திலிருந்து முன் சீட்டின் பின்பக்கம் வரை 24 அங்குலம். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார். அன்றிரவு கட்டுநாயக்கவில் ஏறிய விமானத்திலும் அதே நாடா, அதே அளவு முறை. 27 அங்குலம். பக்கத்து சீட்டில் இருந்த கேகாலை ஐயா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் அவரே நாடாவை வாங்கித் தன் முழங்காலுக்கு முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

இதை ஏன் அளந்தேன் என்றால், விமான சீட்டின் இடத்தை அரசாங்கம் சட்டம் போட்டு நிர்ணயிக்க வேண்டுமா, அல்லது கம்பனிகளின் போட்டியிலேயே விட்டுவிடலாமா என்று எங்கள் அறையில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் தங்கும் அறை. எல்லோரும் ஐந்து மணித்தியாலம் மடங்கி உட்கார்ந்து வந்தவர்கள், ஆளுக்கொரு நியாயம். இடையில் மூன்றாவது கட்சியும் ஒன்று உண்டு, அளவைக் கட்டுப்படுத்த வேண்டாம், டிக்கெட்டில் அச்சடித்தால் போதும் என்பது.

சந்தைக் கட்சியின் நியாயம் லேசானதில்லை. 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது, போட்டி வந்தது, டிக்கெட் விலை இறங்கியது, அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்கள் உள்ளே ஏறினார்கள். அந்த மலிவுக்குக் கொடுத்த விலைதான் கால் வைக்கும் இடம். ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தைத்தான் 'பிட்ச்' என்கிறார்கள். ஒரு காலத்தில் சாதாரண வகுப்பில் 35 அங்குலம் அளவில் இருந்த அது இப்போது பொதுவாக 31க்குப் பக்கத்தில், மலிவுக் கம்பனிகளில் 28. ஆனால் கூடுதல் இடம் கொடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் சில வரிசைகளைக் கழற்றி எல்லோருக்கும் தாராளமாக இடம் விட்டது. சில வருடங்களில் கழற்றிய சீட்டுகளைத் திரும்பப் பூட்டிவிட்டது. வசதி வேண்டும் என்று வாய் சொன்னாலும் கை மலிவு டிக்கெட்டைத்தான் எடுக்கிறது என்பது இவர்கள் வாதம்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 30 வரிசை, வரிசைக்கு 6 பேர், 180 சீட், பிட்ச் 28 அங்குலம் என்று வையுங்கள். மொத்தம் 840 அங்குலம். அதையே 31 ஆக்கினால் 27 வரிசைதான் பிடிக்கும். 18 சீட் போய்விட்டது. செலவு குறையாது, ஆகவே மிச்சம் 162 பேரும் ஆளுக்கு 11 வீதம் கூடக் கொடுக்க வேண்டும். 60,000 ரூபாய் டிக்கெட் என்றால் 6,700 ரூபாய் போல ஏறும். 2024இல் அரசாங்க வர்த்தமானியில் வந்த, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால் அது ஐந்து முழுப் பேர், அதாவது ஐந்து முழு நாள் சம்பளம், மலையில் ஐந்து நாள் கொழுந்து. மூன்று அங்குலத்துக்கு ஐந்து நாள் கொழுந்தா என்று ஒருவன் கேட்டால் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

ஆனால் இந்த வாதம் ஒன்றை எடுத்த எடுப்பிலேயே நம்பிக்கொள்கிறது. டிக்கெட்டை வாங்குகிறவரும் சீட்டில் உட்காருகிறவரும் ஒரே ஆள் என்பது அது. எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். மஸ்கெலியாவிலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற அக்காவுக்கு டிக்கெட் எடுப்பது ஏஜென்சி, பணம் கொடுப்பது அங்கே இருக்கிற முதலாளி. என்ன விமானம், எங்கே மாறி ஏற வேண்டும், நடுவில் எத்தனை மணித்தியாலம் தரையில் படுத்துக் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் கட்டுநாயக்கவில் கையில் கடதாசி கிடைக்கும்போதுதான் அவருக்கே தெரியும். மலிவைத் தேர்ந்தது அவர் கை இல்லை. மலிவினால் வந்த லாபமும் அவருக்கு இல்லை. மடங்குகிற முழங்கால் மட்டும் அவருடையது. நான் சந்தைக் கட்சியிலிருந்து விலகியது இந்த இடத்தில்தான்.

சரி, அரசாங்கம் அளவு போட்டால் எப்படி இருக்கும்? போட்ட இடம் ஒன்று உண்டு. பிரிட்டனில் 80களின் கடைசியிலேயே ஒரு குறைந்தபட்ச அளவு வந்துவிட்டது, 26 அங்குலம். அவர்கள் அளப்பது பிட்சை இல்லை, முதுகு சாயும் இடத்துக்கும் முன் சீட்டுக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தை. நான் நாடாவை அப்படிப் பிடித்ததும் அதனால்தான். அது புத்தியான வேலை, ஏனென்றால் சீட்டின் முதுகை மெல்லியதாகச் செய்து பிட்சைக் குறைத்தாலும் ஆள் உட்காரும் இடம் இவ்வளவு இருக்கத்தான் வேண்டும். என் கணக்குப்படி விமானம் ஒரு அங்குலத்தில் பாஸ். நம்ம கொழும்பு பஸ் இரண்டு அங்குலத்தில் பெயில்.

அமெரிக்காவின் கதை இதைவிட இழுபறி. பயணிகள் சங்கம் ஒன்று வழக்குப் போட்டு, 2017இல் நீதிபதி பட்ரீஷியா மில்லட் அதற்கு 'நம்ப முடியாதபடி சுருங்கும் விமான சீட்டின் வழக்கு' என்றே பெயர் வைத்துத் தீர்ப்பு எழுதினார். 2018இல் அந்த நாட்டுப் பாராளுமன்றமே சட்டம் போட்டது, பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச சீட் அளவை ஒரு வருடத்துக்குள் நிர்ணயிக்க வேண்டும் என்று. வருடம் ஒன்றாகி, இரண்டாகி, 2022இல் விமானத்துறை அதிகாரிகள் அளவுக்குப் பதிலாகப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். இருபதாயிரத்துக்கு மேல் கடிதங்கள் குவிந்தன. நம் ஊரில்தான் வர்த்தமானி தூங்கும் என்று நினைத்திருந்தேன்.

அவர்கள் செய்த பரிசோதனையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரிய விமானம் என்றால் பாதி வாசல்கள் அடைத்திருந்தாலும் எல்லோரும் 90 விநாடிக்குள் இறங்கிவிட முடிய வேண்டும் என்பது விதி. நெருக்கமான சீட் இதைக் கெடுக்குமா என்று பார்க்க ஒக்லஹோமாவில் 775 பேரை வைத்து இறக்கிப் பார்த்தார்கள். கெடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் 60 வயதுக்கு உட்பட்ட திடகாத்திரமானவர்கள். பிள்ளை இல்லை, கிழவர் இல்லை, கால் ஊனமானவர் இல்லை. நான் ஏறிய எந்த விமானத்திலும் இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை. மகள் பிள்ளை பெற்றதற்குத் துணையாகப் போகிற பாட்டி இருப்பார், மூட்டு வலிக்கு எண்ணெய் தடவிய வாசம் நாலு வரிசைக்கு அடிக்கும்.

நிஜத்தில் எப்படி நடக்கிறது என்பதற்கு 2016 ஆகஸ்ட் 3ஆம் திகதி துபாயில் நடந்ததைப் பார்த்தால் போதும். திருவனந்தபுரத்திலிருந்து வந்த எமிரேட்ஸ் 777 ஓடுபாதையில் விழுந்து தீப்பிடித்தது. 300 பேரும் உயிரோடு இறங்கினார்கள், தீயணைப்பு வீரர் ஒருவர்தான் பாவம் இறந்துபோனார். உள்ளே எடுத்த வீடியோவில் புகைக்கு நடுவே மேல் தட்டைத் திறந்து பை தேடுகிறார்கள். உலகமே திட்டியது. எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பாஸ்போர்ட், வேலைக் கடதாசி, சேர்த்த காசு எல்லாம் அந்தப் பையில்தான் இருக்கும், வளைகுடாவுக்குப் போகிற எவனுக்கும் தெரியும். ஆனால் அந்த ஆள் நடைவழிக்கு வந்து நின்று, திரும்பி, கையை மேலே நீட்டுகிற நேரத்தில் பின்னால் இருப்பவர் அவரைத் தாண்டிப் போக இடம் இருக்கிறதா இல்லையா என்பதுதானே விஷயம்? பரிசோதனையில் இதையும் சேர்த்து அளந்துவிட்டு 28 அங்குலம் போதும் என்று சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனாலும் அரசாங்கக் கட்சியில் கண்ணை மூடிக்கொண்டு சேர எனக்குப் பயம். மலைநாட்டில் வளர்ந்தவனுக்கு இந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வெடி கொளுத்தினோம். அடுத்து என்ன நடந்தது? பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ ஏறியது, எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், வேலை நாளும் குறைந்தது. பஸ்ஸிலும் அதே கதைதான். கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிக்கிறது, ஆகவே முதலாளிக்குக் கூட்ட முடிந்தது ஆள் எண்ணிக்கை மட்டும். நடுவழியில் மடக்கு சீட் போடுவான், அதுக்கும் மேலே 'பஸ்ஸட்ட யன்ன, பஸ்ஸட்ட யன்ன' என்று, பின்னால் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்தித் தள்ளுவான். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிப் பிடித்தால் மறுபக்கத்தால் வழுக்கிப் போகும். விமானத்தில் பிட்சை மட்டும் சட்டம் பிடித்தால் அகலத்தில் கை வைப்பார்கள். சட்டம் இல்லாமலே வைத்தும்விட்டார்கள், முன்பு பெரும்பாலும் வரிசைக்கு 9 பேர் உட்கார்ந்த 777இல் இப்போது பல கம்பனிகள் 10 பேரை உட்கார வைக்கின்றன, ஆளுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விட்டது.

இன்னொரு பயம், குறைந்தபட்சம் என்று எழுதினால் அதுவே அதிகபட்சமாகிவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யாரோ ஒருவர் ஒரு குடும்பத்துக்கு இது போதும் என்று ஒரு காலத்தில் கோடு போட்டார், அந்தக் கோட்டுக்குள் நாலு தலைமுறை.

அமுலாக்கம் என்று வரும்போது மட்டும் விமானத்தின் பக்கம் ஒரு பெரிய வசதி உண்டு. பஸ்ஸில் இத்தனை ஆசனம் என்று எழுதியே இருக்கிறது, கினிகத்தேனை தாண்டும்போது எண்ணிப் பார்த்தால் இரண்டு மடங்கு. 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லயில் பள்ளத்தில் விழுந்து 20க்கு மேற்பட்டவர்கள் செத்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் 70க்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். விமானத்தில் அது முடியாது. சீட் தரையில் ஆணி அடித்து இருக்கிறது, நின்றுகொண்டு யாரும் வர முடியாது, ஒரு அதிகாரி நாடாவோடு ஏறினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் நாட்டில் சட்டம் போட்டு நிறைவேற்றக்கூடிய ஒரே பயணச் சாதனம் அதுவாகத்தான் இருக்கும் போல. ஆனால் இலங்கை தனியாகப் போட்டால் வளைகுடாக் கம்பனிகள் மதிக்குமா? அளவு என்பது பெரிய நாடுகள் சேர்ந்து போட வேண்டிய ஒன்று.

மூன்றாவது கட்சி, டிக்கெட்டில் அளவை அச்சடிக்கச் சொல்கிறவர்கள். செலவில்லாத வேலை, எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் அது அளவைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறவருக்குத்தான் உதவும். ஏஜென்சி எடுத்துக் கொடுக்கிற டிக்கெட்டில் 28 என்று அச்சடித்திருந்தால் அந்த மஸ்கெலியா அக்கா என்ன செய்வார், திருப்பிக் கொடுப்பாரா?

ஆகவே என் கட்சி இதுதான். உயிர் சம்பந்தப்பட்ட அளவை, அதாவது முன் சீட்டுக்கு உள்ள வெற்றிடம், அகலம், நடைவழி மூன்றையும் சேர்த்து, அரசாங்கம் போடட்டும், கிழவர்களையும் பிள்ளைகளையும் வைத்துச் சோதித்துவிட்டுப் போடட்டும். சாய்கிற சீட், மெத்தை, சாப்பாடு எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் பதிவு செய்கிற ஒப்பந்தத்திலேயே பயண நேரத்துக்கும் மாறி ஏறும் இடத்தில் காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு எல்லை எழுதலாம், அது இலங்கையால் தனியாகவே செய்யக்கூடியது. இதற்கு டிக்கெட் 11 வீதம் ஏறினால்? ஏறட்டும், எங்கள் விஷயத்தில் பெரும்பாலும் அது முதலாளியின் காசு. சொந்தக் காசில் போகிறவன் என்னைத் திட்டலாம், நியாயம்தான்.

அறையில் ஒரு அண்ணன், "நாமெல்லாம் குள்ளம்தானே தம்பி, நமக்கு என்ன கால் இடிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் முழங்கால் இடிப்பது மட்டும் பிரச்சினை இல்லை. நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து வந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு வரலாம். அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது, விமானம் மட்டுமில்லை, பஸ், ரயில், கார் எதில் அப்படி உட்கார்ந்து வந்தாலும் அதேதான். பதுளையிலிருந்து கொழும்புக்கு 99ஆம் இலக்க பஸ்ஸில் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

அப்புறம், மதினி நேற்று வாட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு கிழமைதான், லயத்துப் பிள்ளைகளின் பதினொரு சீருடை தைக்கக் கிடக்கிறதாம், அளவு நாடாவை எங்கே தேடியும் காணவில்லையாம். அது இங்கே என் கட்டில் கம்பியில் தொங்குகிறது.