காதுக்குள் நீர்: மருந்தா, கிரோமெட்டா?

குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, காதுவலி இல்லை. ஆனால் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். உடனே வீட்டில் எழும் கேள்வி, மருந்தில் சரியாகுமா, செவிப்பறையில் கிரோமெட் என்ற சின்னக் குழாயைப் பொருத்தும் ஆபரேஷன் வேண்டுமா என்பதுதான்.

மருந்துப் பக்கம் ரொம்பவே பலவீனமானது. சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை இரண்டும் இந்த நீரை வற்ற வைப்பதில்லை. ஆன்டிபயாடிக்கால் சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தாலும் வயிற்றுப்போக்கு, தடிப்பு, கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போவது என்று கூடவே வரும் தொல்லைகளைப் பார்த்தால் கட்டுப்படியாகாது. வாய்வழி ஸ்டீராய்டின் பலனும் நிலைப்பதில்லை. இத்தனையையும் மாற்றி மாற்றி எழுதித் தருவது எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை.

அப்படியானால் கிரோமெட்டுக்கு உண்மையான போட்டி எது? காத்திருப்பதுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் நீர் தானாகவே வடிந்துவிடுகிறது. ஆனால் காத்திருப்பது என்றால் சும்மா விட்டுவிடுவது இல்லை. மூன்று மாதம் கழித்து டிம்பனோமெட்ரியும் (செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் சோதனை) கேட்கும் திறன் சோதனையும் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். சொன்னால் செய்கிற வயதென்றால், மூக்கால் பலூன் ஊதும் பயிற்சியை இடையில் முயலலாம், அதில் ஆபத்து குறைவு.

மூன்று மாதம் தாண்டியும் இரண்டு காதிலும் நீர் இருந்து, கேட்பதும் குறைந்திருந்தால் நான் கிரோமெட் பக்கம்தான். மயக்க மருந்து கொடுத்து, மைக்ராஸ்கோப் வழியே பார்த்தபடி செவிப்பறையில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, பசை மாதிரி இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குழாயை அங்கே பொருத்துவார்கள். கேட்பதில் மாற்றம் சீக்கிரமே தெரியும். குழாய் பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்துக்குள் தானே விழுந்துவிடும். குறையும் உண்டு: காது ஒழுகலாம், செவிப்பறையில் தழும்பு விழலாம், சிலருக்கு ஓட்டை மூடாமலே நின்றுவிடலாம், குழாய் விழுந்த பிறகு நீர் திரும்பவும் சேரலாம். நான்கு வயதுக்கு மேல் என்றால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் சேர்த்து எடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அண்ணப்பிளவு, டவுன் சிண்ட்ரோம், பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு இந்த மூன்று மாதக் கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், முன்னதாகவே முடிவெடுக்கலாம்.

பெரியவர்கள் கதை வேறு. காரணமே தெரியாமல் ஒரே காதில் நீர் நின்றால், மூக்குக்குப் பின்னால் கட்டி ஏதும் இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் மருந்தா குழாயா என்ற பேச்சே வர வேண்டும்.