கோட்டைக்குக் காசு வாங்கி, லாயத்தில் படுக்க வைத்தார்கள்

ஸ்காட்லாந்தில் பழைய கோட்டை ஒன்றில் ஓர் இரவு தங்க ஆசைப்படுகிறவர்கள், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் விடுதியின் பெயரைச் சொல்லவில்லை.

இணையதளத்தில் வட்டக் கோபுரம், நான்கு தூண் கட்டில், கணப்பில் கொழுந்துவிட்டு எரியும் விறகு. 'பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இரவுக்கு 340 பவுண்டு. ரத்து செய்தால் சல்லிக்காசு திரும்பாது. இன்வர்னஸ் நகரிலிருந்து கிளம்பி, ஒற்றைவழிச் சாலையில் எதிரே வரும் வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பில் இருந்த பெண் சாவியைக் கொடுத்துவிட்டு, கோபுரத்துக்கு நேர் எதிர்த் திசையில் கையைக் காட்டினார். கார்கள் நிற்கும் இடத்தையும் தாண்டி ஒரு பழைய குதிரை லாயம். அதுதான் எங்கள் அறை.

குதிரை தலையை நீட்டுவதற்காக மேல்பாதி தனியாகத் திறக்கும் கதவைக்கூட மாற்றவில்லை. இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டு மேலே ஒரே விரிப்பு. புரண்டு படுத்தால் முழங்கை நடுவில் இறங்கியது. கணப்பில் விறகுக்குப் பதிலாக மெழுகுவர்த்தி வடிவத்தில் மூன்று மின்விளக்குகள். கோட்டைக்குள் சுற்றியாவது பார்க்கலாம் என்றால், அன்று கல்யாணத்துக்கு மொத்தமாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். சாப்பாடும் லாயத்துக்கே வந்தது, ஆறிப்போய். மேலாளரிடம் கேட்டேன். "நீங்கள் பதிவு செய்தது எஸ்டேட் அறைதானே?" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அதாவது, கோட்டைக்குள் இல்லாமல் அதன் வளாகத்தில் இருக்கும் அறை.

கோபுரம்போல் உயர்த்திக் கட்டிய உண்மையான பழைய கோட்டைகளின் சிரமங்களை நான் குறை சொல்லவில்லை. சுவர் தடிமனால் வைஃபை எட்டாது, சுழல்படி மூச்சு வாங்க வைக்கும், லிஃப்ட் இருக்காது. அதற்கு ஆசைப்பட்டுத்தானே போகிறோம்! வயது விஷயத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். கோட்டை என்று அங்கே நிற்பவற்றில் பல, 19-ஆம் நூற்றாண்டுச் செல்வந்தர்கள் கட்டிக்கொண்ட மாளிகைகள். அரச குடும்பத்தின் பால்மோரல் கோட்டையே 1856-இல் கட்டி முடிந்ததுதான். நாட்காட்டிகளில் நாம் பார்க்கும் எலீன் டோனன் கோட்டை, 1719-இல் தகர்க்கப்பட்டு, 1932-இல் திரும்பக் கட்டி முடிக்கப்பட்டது. நாங்கள் போன இடத்தில் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது ஒரே ஒரு நிலவறைச் சுவர். அறையில் வைத்திருந்த அவர்களுடைய துண்டுப்பிரசுரமே அப்படித்தான் சொல்கிறது.

எனவே அறை எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில், அன்று கல்யாணம் ஏதும் உண்டா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வசிப்பவர்கள் கிரெடிட் கார்டில், விடுதிக்கே நேரடியாகப் பணம் கட்டுவது நல்லது. விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் இருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, விடுதி சொன்னபடி நடக்காவிட்டால் கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பேற்க வேண்டும். டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. இடைத்தரகுத் தளங்கள் வழியாகப் போனால் சிக்கலாகலாம்.

விளம்பரப் பக்கத்தின் நகலையும் அறையின் படங்களையும் என் வங்கி கேட்டது. லாயக் கதவின் படத்தை முதலில் வைத்து அனுப்பியிருக்கிறேன்.