பதிமூன்று வயதுக் கணினியில் லினக்ஸ் மின்ட்: கடைக்காரியின் ஒன்றேகால் வருட அனுபவம்

திருமங்கலத்தில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். கடையின் முதல் கணினி 2013இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். நடுவில் ஒருமுறை கூடுதலாக 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். அதில் 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் லினக்ஸ் மின்ட் 22 ஏற்றினோம். விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளம் அது. இன்றுவரை அதில்தான் வேலை ஓடுகிறது.

மின்ட் எவ்வளவு அழகாக இருக்கிறது, எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. பழைய கணினி என்றால் பழுது வரத்தான் செய்யும். வரும்போது அது என்ன பழுது என்று கண்டுபிடிக்க இந்த மின்ட் எவ்வளவு தூரம் துணை நிற்கிறது என்பதைத்தான் இந்த ஒன்றேகால் வருடமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பமே பழுதில்தான். 2024 ஆகஸ்டிலிருந்து கணினி அடிக்கடி உறைந்து நின்றது. வாடிக்கையாளரின் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தால் அரை நிமிடம் அப்படியே நிற்கும், மவுஸ் மட்டும் நகரும். விண்ணப்பக் கடைசித் தேதியில் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது அந்த அரை நிமிடம் எப்படி இருக்கும் என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சர்வீஸ் செய்பவர் வந்தார், விண்டோஸ் இருந்த பகுதியை ஃபார்மட் செய்தார், 500 ரூபாய். இருபது நாளில் திரும்பவும் அதே கதை. திரும்பவும் ஃபார்மட், திரும்பவும் 500. மூன்றாவது முறை, “ஹார்ட் டிஸ்க் போச்சுக்கா. புதுசுதான் போடணும். உள்ள இருக்கற டேட்டா வேணும்னா அதுக்குத் தனி சார்ஜ்” என்றார். ஏழு வருட ஃபைல்கள் அதில்தான் இருந்தன. கல்யாணப் பத்திரிகை, பத்திர நகல், பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

என் அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஒரு 8 ஜிபி பென்டிரைவோடு வந்தான். அதில் மின்ட் இருந்தது. கணினியில் எதையும் ஏற்றாமல், பென்டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பும் திறந்தது. முதலில் ஃபைல்களை எடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தோம். எடுக்கும்போது அதே உறைதல். அப்போதுதான் அவன் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தை, திறந்து ‘டிமெஸ்ஜி’ என்ற கட்டளையைக் கொடுத்தான். இயங்குதளத்தின் கரு, அதாவது கெர்னல், வன்பொருளோடு என்ன பேசிக்கொள்கிறது என்பதை அந்தக் கட்டளை வரிவரியாகக் காட்டும். இன்னொரு பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை ஃபோல்டரைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். ஃபோல்டர் நின்றது. அதே நொடியில் டெர்மினலில் சிவப்பு வரிகள் வந்து விழுந்தன. படிக்கும் கட்டளை தோல்வி, ஐசிஆர்சி பிழை, இணைப்பை மீண்டும் தொடங்குகிறேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வரி: சாட்டா இணைப்பின், அதாவது டிஸ்கையும் மதர்போர்டையும் சேர்க்கும் வயரின், வேகத்தை 3 கிகாபிட்டிலிருந்து 1.5க்குக் குறைத்துக்கொள்கிறேன்.

“சித்தி, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு போல. வயர்தான் சந்தேகம்” என்றான்.

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். டிஸ்கிலிருந்து மதர்போர்டுக்குத் தகவல் போகும்போது ஒவ்வொரு கட்டோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகும். வந்து சேர்ந்த இடத்தில் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் அதுதான் சிஆர்சி பிழை, திரையில் ஐசிஆர்சி என்று வந்தது. டிஸ்க் சரியாகப் படித்துத்தான் அனுப்பியிருக்கிறது, வழியில் கெட்டுப்போயிருக்கிறது என்றான். மின்ட்டிலேயே ‘டிஸ்க்ஸ்’ என்றொரு செயலி இருக்கிறது. அதில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பை, திறந்து காட்டினான். 5ஆம் எண் வரிசை, கெட்டுப்போனதால் இடம் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்னப் பகுதிகள்): பூஜ்யம். 197, படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை: பூஜ்யம். 199, சிஆர்சி பிழைகள்: 412. தட்டு தேய்ந்திருந்தால் முதல் இரண்டும்தான் ஏறியிருக்க வேண்டும்.

கேபினட்டைத் திறந்தோம். சிவப்பு சாட்டா கேபிள் மதர்போர்டுப் பக்கம் மடங்கி, கேபினட் மூடியில் அழுந்திக் கிடந்தது. எஸ்எஸ்டி போட்ட நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கும். மறுநாள் 80 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கி மாட்டினோம். அந்த 412 என்ற எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அது டிஸ்க் தன் ஆயுள் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. மேலே ஏறாமல் நின்றால் பழுது தீர்ந்தது என்று அர்த்தம். நின்றது. அதே டிஸ்க் இன்றும் ஓடுகிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்டோஸிலும் இப்படிக் குறிப்புகள் எழுதப்படுகின்றன. ஸ்மார்ட் விவரம் பார்க்க அங்கேயும் இலவசச் செயலிகள் உண்டு. இரண்டு முறை ஃபார்மட் செய்தவர் அதைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பழுதான கணினியிலேயே, எதையும் அழிக்காமல், ஒரு பென்டிரைவை மட்டும் செருகி இவ்வளவையும் பார்க்க முடிந்தது மின்ட்டில்தான். நீங்கள் லினக்ஸுக்கு மாறவே போவதில்லை என்றாலும் அப்படி ஒரு பென்டிரைவ் மேசை டிராயரில் இருக்கட்டும். டிஸ்க் போச்சு என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன்பு அதில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் மின்ட்டை முழுதாக ஏற்றலாம் என்று முடிவு செய்தேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிகிறது என்று அறிவித்திருந்தார்கள். 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. மின்ட் 22க்கு 2 ஜிபி ரேம் இருந்தாலே போதும் என்கிறார்கள், 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பும் வரும். 2 ஜிபியில் திறக்கும், ஆனால் கடை வேலை ஓடாது. பிரவுசரில் பத்து டேப், கூடவே டைப்பிங்குக்கு லிப்ரே ஆஃபிஸ் என்று வைத்தால் என் 4 ஜிபியே திணறியது. பழைய ரேம் ஒன்று வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாளிலிருந்து பிரவுசர் காரணமில்லாமல் மூடிக்கொண்டது. இந்த முறை நானே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ பென்டிரைவ் போட்டு ஓட்டினேன். பத்து நிமிடத்துக்குள் திரை முழுக்கச் சிவப்பு. அதை ஃபோட்டோ எடுத்துக் காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு ரேம் கொடுத்தார். இப்போது 8 ஜிபி.

வைஃபை டாங்கிள் கதை கொஞ்சம் விசித்திரம். செருகினால் வைஃபை வரவில்லை, டெஸ்க்டாப்பில் ஒரு சிடி ஐகான் வந்தது. அந்தக் குட்டி டாங்கிள் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்கிறது! விண்டோஸுக்கான டிரைவரை உள்ளேயே வைத்திருப்பதால் முதலில் சிடியாகத்தான் எழுந்திருக்கும். யுஎஸ்பி பட்டியலைப் பார்த்தால் ‘டிரைவர் சிடிராம் மோட்’ என்றே பெயர் இருக்கிறது. அந்த ஐகானை வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்ததும் வைஃபை பட்டியல் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எஜெக்ட் செய்ய வேண்டாம் என்று அக்கா மகன் பிறகு ஒரு விதி எழுதி வைத்தான். அதுவரை மொபைலை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டேன், அது எந்த டிரைவரும் கேட்கவில்லை.

உண்மையில் கஷ்டப்படுத்தியது பிரின்டர். பன்னிரண்டு வருடப் பழைய லேசர் பிரின்டர், நல்ல உழைப்பாளி. தயாரித்த நிறுவனம் லினக்ஸுக்கென்று கொடுத்த டிரைவர் அரதப் பழசு, 32 பிட் பொதிகளை (பொதி என்றால் ஏற்றுவதற்கான மென்பொருள் தொகுப்பு) கேட்டது. இணையத்தில் கிடைத்த குறிப்பைப் பார்த்து அவற்றை ஏற்ற முயன்றேன். டெர்மினல் ஒரு நீளமான பட்டியலைக் காட்டி, இந்தப் பொதிகள் நீக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. படிக்காமல் ஒய் அடித்தேன். அந்தப் பட்டியலில்தான் டெஸ்க்டாப்பே இருந்தது. மறுபடி கணினியைப் போட்டபோது கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கும் ஒற்றை வரி. ஐகான் இல்லை, மவுஸ் இல்லை.

இங்கேதான் டைம்ஷிஃப்ட் என்ற கருவிக்கு நான் மனசார நன்றி சொல்ல வேண்டும். மின்ட் ஏற்றி முடித்ததும் வரும் வரவேற்புத் திரையிலேயே, முதலில் இதை அமைத்துவிடுங்கள் என்று இருக்கும். அமைத்திருந்தேன். தினமும் இயங்குதளத்தின் அன்றைய நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைக்கும், கடைசி ஐந்து இருக்கும். அந்தக் கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனேன். ஃபோனில் அக்கா மகன் எழுத்தெழுத்தாகச் சொல்ல, டைம்ஷிஃப்ட் மீட்டமைப்புக் கட்டளையை அடித்தேன். தேதி வாரியாக எண் போட்டுப் பட்டியல் வந்தது. முந்தின நாள் எண்ணைக் கொடுத்தேன். ஏதோ வரிகள் ஓடின. கால் மணி நேரத்தில் கணினி தானே அணைந்து எழுந்தது. வால்பேப்பர் உட்பட நேற்று எப்படி விட்டேனோ அப்படியே இருந்தது. நிம்மதியில் பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொன்னேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைத்தான் காக்கும். நம் ஆவணங்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை அது வழக்கமாகத் தொடாது. தவிர, என் ஸ்னாப்ஷாட்கள் அதே எஸ்எஸ்டியில்தான் இருக்கின்றன, எஸ்எஸ்டி போனால் அவையும் போய்விடும். வாடிக்கையாளர் ஃபைல்களை வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் தனியாக நகல் எடுக்கிறேன்.

அந்தப் பிரின்டர் கடைசிவரை ஒத்துவரவில்லை. அதை இரண்டாவது கணினிக்கு மாற்றிவிட்டு, இதற்கு வேறொன்று வாங்கினேன். வாங்கும் முன் ஓப்பன்பிரின்டிங் தளத்தில் மாடல் பெயரைப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பிரின்டர் லினக்ஸில் எவ்வளவு ஓடும் என்று அங்கே இருக்கிறது. புதியது செருகியதும் தானாகவே சேர்ந்துகொண்டது.

பக்க வடிவமைப்புச் செயலியான பேஜ்மேக்கருக்காக விண்டோஸையும் ஓரமாக வைத்திருக்கிறேன். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு, ஆனாலும் எங்கள் ஊர் அச்சகங்கள் இன்னும் அந்த ஃபைலைத்தான் கேட்கின்றன. இரண்டையும் வைத்தால் இரண்டு தொல்லை உண்டு. காலை பதினோரு மணிக்கு விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை காட்டும். போர்டில் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த ஐந்தரை மணிதான் வித்தியாசம். மின்ட்டில் ஒரே கட்டளையில் சரியாகும். இன்னொன்று, விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருந்தால் அது முழுதாக அணையாது. அப்போது பொதுவான டிஸ்க் மின்ட்டில் படிக்க மட்டும் திறக்கும், சேமிக்க விடாது. அதை அணைத்துவிடுங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்கு ஒரு வார்த்தை. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழ்99 வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அதில் எழுத்து வரும், தானாகப் புள்ளி வராது. ‘பக்கம்’ என்று அடிக்க ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழ வேண்டும், அதுதானே தமிழ்99. அதற்கு ஐபஸ் எம்17என் என்ற பொதியை ஏற்றி, அதிலிருக்கும் தமிழ்99ஐச் சேர்க்க வேண்டும். பாமினியில் வரும் பழைய ஃபைல்களுக்கு அந்த எழுத்துருவை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் போதும், லிப்ரே ஆஃபிஸில் சரியாகத் தெரியும். தமிழில் படித்துக் கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்குக் கணியம் தளத்தில் லினக்ஸ் கட்டுரைகள் ஏராளம்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? பிரவுசர், டைப்பிங், பிடிஎஃப், ஸ்கேன் என்று வேலை செய்கிற, பழைய கணினியைத் தூக்கிப் போட மனசில்லாத எல்லோருக்கும். பேஜ்மேக்கரோ ஃபோட்டோஷாப்போதான் முழுநேர வேலை என்றால் வேண்டாம், அவை இதில் நேராக ஓடாது. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள் அந்தந்தக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மாறுங்கள். யாராக இருந்தாலும் முதல் ஒரு வாரம் பென்டிரைவிலேயே ஓட்டிப் பாருங்கள். உங்கள் பிரின்டர், ஸ்கேனர், வைஃபை எல்லாவற்றையும் அப்போதே செருகிச் சோதித்துவிடலாம்.

இரண்டாவது கணினிக்கும் மின்ட் போடலாம் என்றிருக்கிறேன். அந்தப் பழைய பிரின்டர் ஓய்வெடுக்கிற அன்று.