பத்து வருஷமாக அப்பாஸ்ட்ரஃபியோடு குடித்தனம்

வேலை முழுக்க ஆங்கில மெயிலும் ரிப்போர்ட்டும்தான் என்பதால் அப்பாஸ்ட்ரஃபி (’) என்கிற இந்தக் குட்டிக் குறியோடு பத்து வருஷம் ஓடிவிட்டது. ஆரம்பத்தில் என் கொள்கை ரொம்ப எளிது: எஸ்ஸில் முடிகிற சொல் கண்ணில் பட்டால் ஒன்று தூவிவிடுவேன். ஒருமுறை அறிக்கையின் தலைப்பிலேயே 'ரிப்போர்ட்'ஸ்' என்று எழுதிவைக்க, மேலதிகாரி ஒன்றும் பேசாமல் அந்தக் குறியை மட்டும் சிவப்பில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். வெறும் பன்மைக்குக் குறி கிடையாது என்பது அன்றைக்கு மண்டையில் ஏறியது.

ஐ-டி-எஸ் (its) மட்டும் மேற்கொண்டு நாலு வருஷம் படுத்தியது. நாயின் வால் என்றால் குறி உண்டு, அதன் வால் என்றால் இல்லை, இது என்ன நியாயம்? 'அதன்' என்ற பொருளில் வரும்போது அது ஹிஸ், ஹெர்ஸ் கூட்டத்து ஆள், அவற்றுக்கு யாரும் குறி போடுவதில்லையே என்று உறைத்த பிறகுதான் தெளிந்தேன். (17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களே இதற்குக் குறி போட்டு எழுதியிருக்கிறார்கள் என்று படித்ததில் ஒரு அற்ப சந்தோஷம்.) இப்போதும் சந்தேகம் வந்தால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்து வாசித்துப் பார்ப்பேன். 'தி கம்பெனி சேஞ்ச்டு இட் இஸ் நேம்', கேட்கவே உதைக்கிறது, குறி வேண்டாம். 'இட் ஹேஸ் பீன் டிலேய்டு', சரியாக ஓடுகிறது, சுருக்கினால் குறி போட வேண்டியதுதான்.

உடைமைக்குச் சொந்தக்காரரை முதலில் முழுசாக எழுதிவிட்டு அப்புறம் குறி போடுவேன். மாணவர்கள் பலர் என்றால் 'ஸ்டூடன்ட்ஸ்' முடிந்த பிறகு குறி, அதோடு நிறுத்தம். சில்ட்ரன் ஏற்கெனவே பன்மை, அதனால் குறி, பிறகு எஸ். இது பழகிவிட்டது.

பழகாதது போன் கீபோர்டு. நான் சரியாக அடித்த ஐ-டி-எஸ்ஸைத் தானே திருத்தி நடுவில் குறியைச் சொருகிவிடுகிறது, 'வெல்'லை (well) 'வீ'ல்' (we'll) ஆக்குகிறது. இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2001-இல் இந்தக் குறியைக் காப்பாற்றவே ஒரு சங்கம் தொடங்கி, 2019-இல் சோம்பேறித்தனமும் அறியாமையும் ஜெயித்துவிட்டன என்று சொல்லிக் கடையைக் கட்டினார். அவர் கணக்கில் கீபோர்டையும் சேர்த்திருக்கலாம்.

கம்ப்யூட்டரில் வேறு தொல்லை. 1990-களைச் சுருக்கி 90-க்கு முன்னால் குறி போட்டால், அதை மேற்கோளின் தொடக்கம் என்று நினைத்துத் தலைகீழாகத் திருப்பிவிடும். இரண்டு முறை அடித்து முதலாவதை அழித்துவிடுகிறேன்.