நான்கு வகைக் கடினம்: ஆக்‌ஷன் கேம்களில் எது நியாயமாக அடிக்கிறது?

புதிய ஆக்‌ஷன் கேம் ஒன்றைத் திறந்தால் முதல் திரையிலேயே பெரும்பாலும் ஒரு கேள்வி நிற்கும்: ஈஸியா, நார்மலா, ஹார்டா? இன்னும் ஒரு எதிரியைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். எந்தப் பொத்தான் எதைச் செய்யும் என்றே தெரியாது. அதற்குள் அடுத்த இருபது மணி நேரத்துக்கான தலையெழுத்தை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். தகவலே தராமல் கேட்கப்படும் இந்தக் கேள்வியை எப்படிச் சமாளிப்பது என்பதில் கேம் தயாரிப்பாளர்கள் நான்கு வழிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். மெனுவில் நிலைகளை வைப்பது ஒன்று. எல்லோருக்கும் ஒரே கடினம் என்று மெனுவையே எடுத்துவிடுவது இன்னொன்று. ஆடுபவரின் திறனைக் கண்காணித்துத் திரைமறைவில் கூட்டிக் குறைப்பது மூன்றாவது. ஒவ்வொரு எண்ணையும் தனித்தனித் திருகாகக் கையில் கொடுத்துவிடுவது நான்காவது.

இவற்றை அளக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். செத்து விழுந்த நொடியில் ‘எதைச் செய்திருந்தால் தப்பித்திருப்பேன்’ என்று எனக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அந்த அடி நியாயமானது, எவ்வளவு கடினமானாலும் சரி. தெரியாவிட்டால் ஈஸியில் விழுந்த அடியும் அநியாயம்தான்.

மெனு நிலைகளுக்கு நல்ல முன்னோடி 1993இல் வந்த டூம். மிக எளிய நிலையில் வாங்கும் அடி பாதியாகும், எடுக்கும் தோட்டாக்கள் இரட்டிப்பாகும். அது எளிய வேலை. உண்மையான உழைப்பு மேல்நிலைகளில் இருக்கிறது: அதே அறையில் வேறு இடத்தில், வேறு வகை அரக்கர்கள், வேறு எண்ணிக்கையில் நிற்பார்கள். நிலையை ஏற்றினால் புதிய புதிர் ஒன்று கிடைக்கிறது. கடைசி நிலையில் அரக்கர்களின் வேகம் கூடும், கொன்றவை மறுபடி எழுந்து வரும். அதுவும் ஆட்டத்தின் விதியையே மாற்றுகிறது.

பின்னால் வந்த பல கேம்கள் இந்த உழைப்பைக் கைவிட்டு, எதிரியின் உயிர்ப்பட்டையை நீட்டுவதோடு நிறுத்திக்கொண்டன. இதில் என்ன கெடுகிறது என்று ஒரு கணக்கைப் போட்டால் விளங்கும். ஓர் எதிரியைப் பத்து அடியில் வீழ்த்தலாம், ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் நீங்கள் தவறு செய்யும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து, ஒரு தவறு நடந்தால் மரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு முடிக்கும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம். அதே எதிரிக்கு உயிரை மட்டும் இரண்டரை மடங்காக்கி 25 அடி தேவை என்று ஆக்கினால் வாய்ப்பு 28 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. எதிரி புதிதாக எதையும் கற்கவில்லை. நீங்கள் கற்பதற்கும் ஒன்றும் சேரவில்லை. பொறுமையை மட்டும் அதிகம் கேட்கிறது. ஹார்ட் என்ற பெயரில் பல கேம்கள் விற்பது இந்த அலுப்பைத்தான்.

‘நார்மல்’ என்ற பெயருக்கும் நிலையான பொருள் கிடையாது. டெவில் மே க்ரை 3, 2005இல் வட அமெரிக்காவுக்குப் போனபோது ஜப்பானியப் பதிப்பின் ஹார்ட் நிலையே அங்கே நார்மல் என்று வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சிறப்புப் பதிப்பில் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1994இல் வந்த கான்ட்ரா: ஹார்ட் கார்ப்ஸ் இன்னும் மோசம்: ஜப்பானில் ஓர் உயிருக்கு மூன்று அடிவரை தாங்கலாம், அமெரிக்காவில் ஒரே அடியில் உயிர் போய்விடும். ஒரே கேம், இரண்டு சோதனைகள். அங்கே மாய்ந்து மாய்ந்து ஆடியவர்களுக்குத் தங்கள் கையில் இருப்பது வேறு ஆட்டம் என்று யார் சொன்னார்கள்?

இந்த வகையில் என் மதிப்பைப் பெற்றது 2019இன் ஜெடை: ஃபாலன் ஆர்டர். நிலையைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே மூன்று பட்டைகளைக் காட்டுகிறது: அடியைத் தடுத்து மடக்கக் கிடைக்கும் நேரம், வாங்கும் அடியின் அளவு, எதிரிகளின் ஆவேசம். நிலையை மாற்ற மாற்றப் பட்டைகள் நீண்டு சுருங்குகின்றன. நடுவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறோம். சின்ன விஷயம்தான், ஆனாலும் மற்ற கேம்கள் இதைச் செய்யத் தயங்குவது ஏன் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்தது ஒரே கடினம். இங்கே கடினமான கேம்களுக்குப் பெயர்போன ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தின் எல்லா கேம்களையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதுதான் இந்த விவாதத்தின் பெரிய குழப்பம். 2019இன் செகிரோவும் 2022இன் எல்டன் ரிங்கும் இரண்டு வேறு கட்சிகள். எல்டன் ரிங்கில் மெனுதான் இல்லை. நிலைகள் உலகத்துக்குள்ளேயே சிதறிக் கிடக்கின்றன. ஒரு பாஸ், அதாவது வழியை மறிக்கும் பெரிய எதிரி, முட்டுக்கட்டையாக நின்றால் வேறு திசையில் போய் வலுவேற்றித் திரும்பலாம். ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம். இன்னொரு ஆட்டக்காரரைக் கூப்பிடலாம். தூரத்தில் நின்று மந்திரம் வீசலாம். செகிரோவில் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது. ஒரு வாள், ஒரு செயற்கைக் கை, எதிரே ஒருவன். இன்னொருவரைத் துணைக்கு அழைக்க வழியே இல்லை. வேடிக்கை என்னவென்றால், எதிரிகளைக் கடினமாக்க ஒரு மணி அங்கே உண்டு. எளிதாக்க எதுவும் இல்லை.

ஆனாலும் என் அளவுகோலில் செகிரோதான் எல்டன் ரிங்கைவிட நேர்மையானது. காரணம், எதிரி ஓங்கும் விதம். நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படங்கள், காட்டும் கேமில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிநொடி. கண்ணால் பார்த்து விரலை அசைக்க மனிதருக்குக் கால் நொடி அளவில் ஆகும் என்றால், அது 15 ஃப்ரேம். தொலைக்காட்சியின் தாமதம் வேறு சேரும். ஆகவே ஓங்கலிலிருந்து அடிவரை 15 ஃப்ரேமுக்கும் குறைவாக இருந்தால் யாராலும் பார்த்துத் தப்பிக்க முடியாது, முன்பே செத்து மனப்பாடம் செய்திருந்தால்தான் முடியும். செகிரோவில் தடுக்கவே முடியாத தாக்குதல் வருமுன் சிவப்பு எழுத்து பளிச்சிடும், ஒலியும் எழும். வாளோடு வாள் மோதும் தாளம் தெளிவாகக் கேட்கும். பயந்துபோய்ப் பொத்தானை அடுத்தடுத்துத் தட்டினால் அடியை மடக்கக் கிடைக்கும் நேரம் சுருங்கும், நிதானமாக ஆடினால் அது தாராளமாக இருக்கும். தோற்றால் எங்கே தோற்றோம் என்று தெரிந்துவிடுகிறது.

எல்டன் ரிங்கில் முதல் பெரிய தடையாக நிற்கும் மார்கிட், கோலை உயர்த்திப் பிடித்தபடியே நின்றுவிடுவான். எந்த உடலும் இவ்வளவு நேரம் ஓங்கிக்கொண்டு நிற்காது. அடி வரும் என்று உருண்டவன் எழும்போதுதான் அடி இறங்கும். நம் எதிர்வினையைத் திருடி நமக்கே எதிராகத் திருப்பும் வித்தை இது. கற்றுக்கொள்ளலாம், அதனால் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் சந்திப்பில் அதை வெல்லத் திறமை உதவாது, அனுபவம்தான் உதவும். இதற்கு மேல், மருந்துக் குப்பியை எடுத்த மாத்திரத்தில் சில எதிரிகள் பாய்ந்து வருவதை ஆடியவர்கள் எல்லோரும் கவனித்திருப்பார்கள். எதிரி நம் உடலைப் பார்க்கிறதா, நம் விரலைப் பார்க்கிறதா என்ற சந்தேகம் எழுந்தால் நம்பிக்கை போய்விடுகிறது. பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் இது அப்பட்டமாகவே நடந்தது. நாம் கைல் என்ற வீரனாக ஆடினால் கைப்பிடியைப் பின்னால் சாய்த்துக் காத்திருந்து போட வேண்டிய வீச்சை, கணினி ஆடும் கைல் காத்திருக்காமலே போடுவான்.

எல்டன் ரிங்குக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பல பெரிய பாஸ்களின் அருகே மறுபிறப்புக்கான கல் நடப்பட்டிருக்கிறது. செத்த இடத்துக்கே அடுத்த நிமிடம் போய்விடலாம். 2011இன் டார்க் சோல்ஸில் அந்த வசதி இல்லை, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பாதயாத்திரை. திரும்ப நடக்கும் அந்தத் தூரம் எந்த மெனுவிலும் கடினமாகக் கணக்கிடப்படுவதில்லை, ஆனால் கோபம் வருவது அங்கேதான். டார்க் சோல்ஸின் ‘பெட் ஆஃப் கேயாஸ்’ என்ற பாஸ் இன்னும் கொடுமை: தரை திடீரெனப் பிளக்கும், ஒரு கை துடைத்துத் தள்ளும், குழியில் போய் விழுவோம். செத்துத் திரும்பினாலும் முன்பு உடைத்த பகுதிகள் உடைந்தபடியே இருக்கும். வேறு எந்த பாஸுக்கும் தராத அந்தச் சலுகையை, செய்தவர்களே இட்ட மன்னிப்புக் கடிதமாகத்தான் நான் படிக்கிறேன்.

ஒரே கடினம் என்பதும் கல்லில் பொறித்தது ஒன்றுமில்லை. 2024 ஜூனில் எல்டன் ரிங்கின் விரிவாக்கம் வந்த சில நாட்களிலேயே, அங்கே கிடைக்கும் வலுவேற்றும் துண்டுகளின் பலன் தொடக்கக் கட்டத்தில் கூட்டப்பட்டது. 2025 செப்டம்பரில் வந்த ஹாலோ நைட்: சில்க்சாங்கிலும் தொடக்கத்தில் வரும் இரண்டு பாஸ்கள் பேட்ச் (பின்னால் வரும் திருத்தம்) ஒன்றில் சற்றே தணிக்கப்பட்டன. 2023இல் மெனு இல்லாமல் வந்த லைஸ் ஆஃப் பி, 2025இல் கடின நிலைகளைச் சேர்த்துக்கொண்டது. அதனால் யாருடைய வெற்றியும் மதிப்பிழந்துவிடவில்லை. ‘மெனு வைத்தால் படைப்பின் தூய்மை கெடும்’ என்று முழங்கியவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

மூன்றாவது வழி, திரைமறைவில் சரிசெய்வது. 2005இன் ரெசிடென்ட் ஈவில் 4 இதில் கைதேர்ந்தது. அடிக்கடி செத்தால் எதிரிகளின் வேகமும் அடியும் தணியும், சில இடங்களில் எண்ணிக்கையே குறையும். நன்றாக ஆடினால் எல்லாம் ஏறும். மிக உயர்ந்த நிலையில் மட்டும் அது உச்சத்திலேயே பூட்டப்பட்டிருக்கும். திகில் கேமுக்கு இது பொருத்தம்தான்: பயம் வடியவும் கூடாது, ஆள் ஓடிவிடவும் கூடாது. ஆனால் சண்டையைக் கற்க வந்தவருக்கு இது ஒத்துவராது. ஐந்தாவது முறை வென்றேன் என்றால், நான் தேறினேனா, எதிரி தளர்ந்தானா? விடை தெரியாத வெற்றியில் எனக்குச் சுவை இல்லை.

மறைக்கும்போதுதான் சிக்கல் என்பதற்கு காட் ஹேண்ட் சாட்சி. 2006இல் வந்த அந்த கேம், ஏறி இறங்கும் கடினத்தைத் திரையின் ஓரத்தில் மீட்டராகவே காட்டியது. அடி வாங்காமல் அடித்தால் ஏறும், வாங்கினால் இறங்கும், உச்சத்தில் ஆடினால் கூடுதல் காசு. தாங்கவில்லையென்றால் எதிரியின் காலில் விழுந்து கெஞ்சுவதற்கென்றே ஒரு நகர்வு, கெஞ்சினால் மீட்டர் இறங்கும். வெட்கக்கேடான வசதி, ஆனால் முழுக்க வெளிப்படை. இந்த யோசனையை யாரும் பெரிதாக எடுத்து வளர்க்காமல் விட்டது வருத்தமே.

தனித்திருகுகள் கடைசி. 2018இன் செலஸ்டில் துணைப் பயன்முறை கேமின் வேகத்தைப் பாதிவரை குறைக்க விடுகிறது. அது தளம் தாவும் கேம்தான், ஆனால் எல்லா ஆக்‌ஷன் கேம்களும் கடன் வாங்க வேண்டிய திருகு அது. முன்பு சொன்ன 15 ஃப்ரேம் ஓங்கல், வேகத்தை 80 சதவீதமாக்கினால் 250 மில்லிநொடியிலிருந்து சுமார் 310 ஆகிறது. நகர்வுகள் அதே, வரிசை அதே, கற்க வேண்டியதும் அதே. வயதான விரல்களுக்கும் மெதுவான கண்களுக்கும் தேவையான இடைவெளி மட்டும் கிடைக்கிறது. எதிரியின் அடியைக் குறைப்பதைவிட இது எவ்வளவோ மேல். அடியைக் குறைத்தால் தவறு மன்னிக்கப்படும், பாடம் வராது. வேகத்தைக் குறைத்தால் பாடம் வரும்.

2020இன் ஹேடிஸ் மாறான பாதையில் போகிறது. அதன் கடவுள் பயன்முறையில் தொடக்கத்தில் 20 சதவீத அடி குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு சதவீதம் சேர்ந்து 80இல் நிற்கும். முப்பது சாவில் உச்சம். இதுவும் தானாகச் சரிசெய்வதுதான், ஆனால் நீங்களே இயக்கிவிட்டது, எண்ணும் கண்முன் இருக்கிறது. அதே ஆண்டின் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2, கடினத்தை ஆடுபவர், எதிரிகள், தோழர்கள், பதுங்கல், பொருட்கள் என்று ஐந்தாகப் பிரித்துத் தருகிறது. தோட்டா பற்றாக்குறையாக இருக்க வேண்டும், எதிரி கூர்மையாகவும் இருக்க வேண்டும், ஆனால் வாங்கும் அடி தாங்கும்படி இருக்க வேண்டும் என்று கேட்டுப் பெறலாம்.

திருகுகளைத் தந்துவிட்டுத் தண்டிக்கும் கேம்களும் உண்டு. கப்ஹெட்டில் எளிய நிலையில் பாஸை வென்றாலும் ஒப்பந்தத் தாள் கிடைக்காது, தாள் இல்லாமல் இறுதி பாஸ்களிடம் போக முடியாது. அது உதவி மாதிரித் தோன்றும் ஒத்திகை மட்டுமே. மெட்டல் கியர் சாலிட் 5 உதவி கேட்டவர் தலையில் கோழித் தொப்பியை மாட்டிவிடும். சிரிப்பு வருகிறது என்பதால் அதை மன்னித்துவிடலாம்.

எந்த வழியும் தீர்க்காத ஒரு திருட்டு மிஞ்சுகிறது: கேமரா. முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் அடியை எந்த நிலையிலும் தவிர்க்க முடியாது. 2018இன் காட் ஆஃப் வார் நாயகனைச் சுற்றி அம்புக்குறிகளை வைத்து எங்கிருந்து ஆபத்து வருகிறது என்று காட்டுகிறது. கொஞ்சம் அசிங்கமான தீர்வு, ஆனால் வேலை செய்கிறது. அதே கேமின் உச்ச நிலையைத் தொடங்கியபின் இறக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எனவே வாங்குமுன் நான் பார்ப்பது இந்த வரிசையில்: கேம் நடுவில் நிலையை மாற்ற முடியுமா, மேல்நிலையில் உயிர்ப்பட்டை மட்டும் நீள்கிறதா அல்லது எதிரிகளின் அமைப்பும் மாறுகிறதா, செத்த இடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். சண்டையைக் கற்பதே நோக்கம் என்றால் செகிரோ, அதுவும் ஒரு வேகத் திருகு இருந்திருந்தால் தயங்காமல் எல்லோருக்கும் சொல்வேன். விரல் வேகத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஹேடிஸில் தொடங்கலாம். கதைக்காக ஆடுபவர்கள் லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2இல் பொருட்கள் திருகை மட்டும் கடினத்தில் வைத்து, மற்றவற்றை மிதமாக வைத்து ஆடிப் பார்க்கலாம்.